ரோஜா நிறப் பாம்பு: வீட்டில் வளர்க்கலாமா?

கோவை குறிச்சியில் 2023–ம் ஆண்டு மே மாதம் ஒரு பாம்பு பிடிபட்டது. அதன் உடம்பு முழுவதும் வெள்ளை. நீளம் 5 அடி. பார்த்தவர்கள் வியந்தார்கள். அது என்ன பாம்பு?

நல்ல பாம்பு! கடித்தால் ஆளைக் கொல்லும் நாகப் பாம்புதான் அது. ஆனைகட்டிக் காட்டில் அதைக் கொண்டுபோய் விட்டார்கள்.

அதே ஆண்டு ஜனவரி 11–ந் தேதி சென்னை விமான நிலையத்தில் வேறொரு சம்பவம் நடந்தது. பாங்காக்கில் இருந்து வந்த 2 பெட்டிகள் கேட்பாரற்றுக் கிடந்தன. சுங்க இலாகா அதிகாரிகள் அவற்றைத் திறந்து பார்த்தார்கள்.

உள்ளே 45 மலைப்பாம்புகள்! 3 சிறு குரங்குகள், 3 நட்சத்திர ஆமைகள். அவற்றோடு 8 "கார்ன்" பாம்புகள்.

எல்லாம் வந்த ஊருக்கே திருப்பி அனுப்பப்பட்டன.

இந்தக் "கார்ன்" பாம்பைத்தான் வெளிநாடுகளில் ரோஜா நிறத்தில் வளர்த்து விற்கிறார்கள். அதை வாங்கி வளர்க்கும் ஆசை நம் நாட்டிலும் புகுந்துவிட்டது.

சோளப் பாம்பு

"கார்ன்" என்றால் மக்காச்சோளம். இந்தப் பாம்பின் சொந்த ஊர் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி. அங்கே சோளக் களஞ்சியங்களில் எலி பிடிக்க வரும். அதனால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். வயிற்றில் உள்ள கட்டங்கள் சோள மணிகளைப் போல் இருப்பதும் ஒரு காரணம் என்பார்கள்.

நம் ஊர்ச் சாரைப் பாம்பு செய்யும் வேலையைத்தான் அங்கே அது செய்கிறது. அதற்கு விஷம் இல்லை. எலியைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். 3 முதல் 5 அடி வரை வளரும்.

காட்டில் இருக்கும் சோளப் பாம்பு ரோஜா நிறம் அல்ல. பழுப்பும் ஆரஞ்சும் கலந்த உடம்பு. அதன் மேல் சிவப்புத் திட்டுகள்.

நிறம் எப்படி மாறியது?

பாம்பின் தோலில் கறுப்புச் சாயம் உண்டு. சிவப்புச் சாயமும் உண்டு. சில குட்டிகள் கறுப்புச் சாயம் இல்லாமலே பிறக்கும். அப்படி ஒரு பாம்பு 1953–ம் ஆண்டு அமெரிக்காவில் வட கரோலினாவில் கிடைத்தது. அதன் வம்சத்தை பெக்டல் என்ற டாக்டர் வளர்த்தார். 1961–ல் கறுப்பே இல்லாத குட்டிகள் அவரிடம் பொரித்தன.

வேறு சில குட்டிகளுக்குச் சிவப்புச் சாயம் இருக்காது. இந்த இரண்டு வகையையும் இணை சேர்த்தார்கள். முதல் தலைமுறைக் குட்டிகள் சாதாரண நிறம். அந்தக் குட்டிகளை மறுபடியும் இணை சேர்த்தால், சராசரியாக 16 குட்டிகளில் ஒன்றுக்கு இரண்டு சாயமும் இராது. வெள்ளையும் ரோஜாவுமாக இருக்கும். அதற்கு "ஸ்னோ", அதாவது "பனி" என்று பெயர் வைத்தார்கள்.

நல்ல காளையைத் தேடிப் பசுவோடு சேர்ப்பது காங்கேயத்துக்காரர்களுக்குத் தெரிந்த கலை. இங்கேயும் அதே கலைதான். அங்கே பலத்துக்காகச் சேர்க்கிறார்கள். இங்கே அழகுக்காகச் சேர்க்கிறார்கள்.

20 ஆண்டு விருந்தாளி

வளர்ப்பது சுலபம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். இருக்க ஒரு கண்ணாடிப் பெட்டி, ஓரத்தில் கொஞ்சம் சூடு, வாரம் ஒரு சுண்டெலி. இது உண்மைதான்.

ஆனால் அது 15, 20 ஆண்டு உயிரோடு இருக்கும்! 10 வயதுப் பையன் ஆசைப்பட்டு வாங்கினால், அவனுக்கு மீசை முளைத்துக் கல்யாணம் ஆகும் வரைக்கும் அதற்கு எலி போட வேண்டும். ஒரு பெண் பாம்பு ஒரு தடவையில் 10 முதல் 30 முட்டை இடும். சுமார் 60 நாளில் பொரிக்கும். அத்தனை குட்டிகளுக்கும் யார் வீடு தேடுவது?

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க முடியாது. 1972–ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது.

வெளிநாட்டுப் பிராணிகளுக்காக அந்தச் சட்டம் 2022–ல் திருத்தப்பட்டது. உலக நாடுகள் ஒப்பந்தம் செய்து பாதுகாக்கும் பிராணிகளை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன.

ஆனால் சோளப் பாம்பு அந்தப் பட்டியலில் இல்லை! அமெரிக்காவில் அது ஏராளமாக இருப்பதால் அதைச் சேர்க்கவில்லை. ஆகவே அது எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று கணக்கு எடுக்க வழி இல்லை.

அதற்காக யாரும் கொண்டு வரலாம் என்று அர்த்தம் அல்ல. வெளிநாட்டில் இருந்து உயிர்ப் பிராணியை இறக்குமதி செய்ய அரசாங்க லைசென்சும், நோய் இல்லை என்ற சான்றிதழும் வேண்டும். அவை இல்லாமல் வந்தால் அது கடத்தல். வாங்குகிறவர் பில்லும் லைசென்சும் கேட்டால் வியாபாரியின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

தப்பினால் என்ன ஆகும்?

ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான கிரான் கனாரியா தீவுக்குக் கலிபோர்னியாப் பாம்பு ஒன்று செல்லப் பிராணியாகப் போயிற்று. சில தப்பின. 1998–ல் காட்டில் தென்பட்டன. நிறம் வெளுத்த பாம்புகளும் அவற்றில் உண்டு. பிறகு அவை பெருகி, அந்தத் தீவுக்கே உரிய பெரிய பல்லி இனத்தைத் தின்று வெகுவாகக் குறைத்துவிட்டன. சோளப் பாம்பும் சும்மா இல்லை. கரீபியன் கடலில் உள்ள கிராண்ட் கேமன் தீவில் அது குடியேறிவிட்டது.

கொங்கு நாட்டில் உடுமலைப் பக்கம் மக்காச்சோளம் விளைகிறது. பல்லடம் பக்கம் கோழிப் பண்ணைகள். எலிக்குப் பஞ்சம் இல்லை. அந்த எலியைப் பிடிக்க நமக்குச் சாரை இருக்கிறது. வெளியூர்ப் போட்டி எதற்கு?

நிறத்தை நம்ப வேண்டாம்

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வெளிறிய பாம்பு என்றால் விஷம் இல்லாத வளர்ப்புப் பாம்பு என்ற எண்ணம் பரவினால் என்ன ஆகும்? குறிச்சியில் வந்தது நாகம்! சாயம் இல்லாவிட்டாலும் விஷம் இருக்கும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்பது ஆராய்ச்சியாளர் மதிப்பீடு.

ஆகவே, எந்த நிறப் பாம்பைக் கண்டாலும் தள்ளி நில்லுங்கள். பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்கோ வன இலாகாவுக்கோ தகவல் கொடுங்கள். கடித்துவிட்டால் மந்திரித்து நேரத்தைப் போக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஏற்கனவே வளர்ப்பவர்கள், "போதும்" என்று தோட்டத்தில் விட்டுவிடக் கூடாது. வன இலாகாவைக் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி செய்ய வேண்டும்.