தாழ்தந்திகளின் இழுவிசை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியன்னாவில் உருப்பெற்று, ஷ்ராமெல் சகோதரர்களின் நால்வர் குழுவில் அன்டன் ஸ்ட்ரோமையரின் வாசிப்பால் புகழடைந்த கான்ட்ரா கிதாரில், மெட்டுகள் பதித்த கழுத்தில் ஆறு தந்திகளும், விரலால் அழுத்தப்படாமல் திறந்தபடியே மீட்டப்படும் தாழ்தந்திகள் ஒன்பது வரை இரண்டாவது கழுத்திலும் அமைந்திருக்கும். இத்தாழ்தந்திகள் இ பிளாட்டில் தொடங்கி அரைச் சுரம் அரைச் சுரமாகக் கீழிறங்குவது வழக்கம். கிதார் இசைஞர் மெர்ட்ஸின் காலத்துப் பத்துத் தந்திக் கிதாரிலோ பொதுவாக டி, சி, பி, ஏ என்னும் நான்கு சுரங்களே கூடுதலாக இருந்தன. நீளமும் இழுவிசையும் மாறாதிருக்க, ஒரு தந்தியின் சுருதியை ஒரு ஸ்தாயி இறக்க வேண்டுமானால் அதன் எடை நான்கு மடங்காக வேண்டும். வெறும் குடல் நரம்பு அந்த அளவுக்குத் தடித்தால் விறைத்து நாதம் மங்கிவிடும் என்பதாலேயே, பட்டிழைக் கருவின்மேல் மெல்லிய உலோகக் கம்பி சுற்றிய தந்திகள் தாழ்சுரங்களுக்குப் பயன்பட்டன.

குடல் நரம்புக்கும் பட்டுக்கும் உரிய மென்மையுடன் செய்யப்பட்ட பழங்கருவிகளில் இன்றைய எஃகுத் தந்திகளைப் பூட்டுவது வருந்தத்தக்க செயல். கூடுதல் இழுவிசையால் மெல்லிய மேற்பலகை மேடிட்டு, அதில் ஒட்டிய பாலம் பெயர்ந்துவிடக்கூடும். ஒவ்வொரு தந்தியின் நீளத்தையும் அது எட்ட வேண்டிய சுருதியையும் கொண்டு பருமனைக் கணக்கிடுவதே முறை. 1885இல் வியன்னா மாநாடு பரிந்துரைத்தபடி ஏ சுரத்தை இன்றைய 440க்குப் பதிலாக நொடிக்கு 435 அதிர்வுகளில் வைத்தாலே, இழுவிசை 2 சதவீதத்துக்கும் சற்று மேல் குறைகிறது. மீட்டப்படாத தாழ்தந்திகளும் மேல் சுரங்களுக்கு இசைந்து தாமாக அதிர்வதால், அவற்றின் சுருதியை முதலில் செம்மையாகக் கூட்டுவதே நல்லது.