புள்ளிக்கு முந்தைய ரஸா

எஸ்.எச். ரஸா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அந்தக் கறுப்பு வட்டம்தான். 'பிந்து' அச்சில் நன்றாக வரும்; வரவேற்பறைச் சுவருக்கும் பாந்தமாக இருக்கும். ஆனால் வட்டம் அவரை ஆட்கொள்வதற்கு முன்பு, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அவர் வரைந்தவை வேறு ரகம்.

1972-ல் வரைந்த 'தபோவனம்' அவற்றில் ஒன்று. தலைப்பில் வனம் இருக்கிறதே என்று கித்தானில் மரத்தைத் தேடிப் பயனில்லை. அந்நாட்களில் பூமி என்றும் ராஜஸ்தான் என்றும் பெயரிட்ட படங்களும் அப்படித்தான். இருண்ட பரப்பு, அதற்குள்ளிருந்து நெருப்பு நிறங்கள் பீறிடுகின்றன. தூரிகை எந்தப் பக்கம் பாய்ந்தது, எங்கே அழுந்தியது, எங்கே சட்டென்று விலகியது என்று கண் தொடர்ந்து போகிறது.

இந்த வேகத்துக்கு உணர்ச்சி மட்டும் காரணமல்ல, வண்ணக் கலவையும் காரணம். 1950-ல் பிரான்ஸ் சென்ற ரஸா, அந்நாட்டு ஊர்களையும் தேவாலயங்களையும் எண்ணெய் வண்ணத்தில் அடர்த்தியாகத் தீட்டினார். 1956-ல் அங்கே விமர்சகர் விருதும் பெற்றார். 1962-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஓவியம் கற்பிக்கப் போனபோது அமெரிக்க அரூப ஓவியர்களின் சுதந்திரம் அவரை உலுக்கியது. பிறகு அக்ரிலிக்குக்கு மாறினார். எண்ணெய் வண்ணம் காய நாட்களாகும்; ஈரத்தின் மேல் இன்னொரு நிறம் வைத்தால் கலங்கிப்போகும். அக்ரிலிக் நிமிடங்களில் காயும். கறுப்பின் மேல் விழுந்த சிவப்பு சிவப்பாகவே நிற்கும். காத்திருக்கத் தேவையில்லாமல் போனதும் கை பறந்தது.

வேகத்தைத் தந்தது கலிபோர்னியா என்றாலும் இருட்டு சொந்த ஊருடையது. ரஸா 1922-ல் பிறந்தது மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா காட்டுப் பகுதியில். தந்தை வனத்துறை ஊழியர். காட்டு இரவு தந்த பயத்தையும் விடிந்ததும் வந்த நிம்மதியையும் ரஸா பிற்காலத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசிக் கால பிந்துக்களில் அவர் தன்னையே நகலெடுத்தார் என்ற புகாரில் நியாயம் உண்டு. 'தபோவனம்' பற்றி யாரும் அப்படிச் சொல்ல முடியாது. 2018-ல் நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் அது சுமார் 44.5 லட்சம் டாலருக்குப் போனது. செய்தியானதென்னவோ அந்தத் தொகைதான். அச்சில் இந்தப் படங்கள் தட்டையான கறைகளாகிவிடுகின்றன. நேரில் பார்க்கத்தான் வேண்டும். அதற்கான பெரிய வாய்ப்பு 2023-ல் பாரிஸில் வந்தது. பாம்பிடூ மையம் சுமார் 100 படைப்புகளைத் திரட்டிக் காட்டியது. ரஸா 2016-ல் காலமாகி, மண்ட்லாவில் தந்தையின் அருகே அடக்கமாகி அப்போது ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.