எழுத்தறிவித்தவர் சட்டமியற்றினார்

பிலிப்பைன்ஸ் நாட்டின் செனட் சபையில் 24 ஆசனங்கள் உள்ளன. அவற்றுக்குரியவர்களை முழு நாடுமே ஒரே தொகுதியாக நின்று வாக்களித்துத் தெரிவுசெய்கிறது. அந்நாட்டு மக்களில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஆறு பேரளவினரே. அப்படிப்பட்ட சபைக்கு 1987 ஆம் ஆண்டு, தெற்கே சூலுத் தீவுகளைச் சேர்ந்த முஸ்லிம் பெண்ணொருவர் தெரிவானார். அவர்தான் சந்தானினா தில்லா ராசுல். அவருக்கு முன்னரோ பின்னரோ வேறெந்த முஸ்லிம் பெண்ணும் அந்த ஆசனத்தில் அமர்ந்ததில்லை.

"முதல் முஸ்லிம் பெண் செனட்டர்" என்ற பட்டத்தோடு அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆனால், அந்த ஆசனத்திற்கு வருமுன் அவர் செய்த வேலையையும், வந்த பின் யாருக்காகச் சட்டமியற்றினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் பெண்கல்வியின் பயன் என்னவென்று நமக்கு விளங்கும் என்பது எனது கருத்து.

1930 இல் சூலுவின் சியாசித் தீவில் பிறந்த ராசுல், பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் கற்று 1952 இல் சிறப்புச் சித்தியுடன் பட்டம் பெற்றார். பட்டத்துடன் தலைநகரிலேயே தங்கிவிட அவருக்கு வழியிருந்தது. ஆயினும் அவர் தன் மக்களிடையே ஆசிரியப் பணி புரிந்தார். சூலு மக்களின் தாய்மொழி தவுஸுக். எழுத வாசிக்கத் தெரியாத வளர்ந்தவர்களுக்காக அவர் தொடங்கிய திட்டத்தின் பெயர் 'மக்பாஸ்ஸா கீதா'. தவுஸுக் மொழியில் அதன் பொருள் 'நாம் வாசிப்போம்' என்பதாகும். எழுபதுகளில் அப்பிரதேசம் போரில் சிக்கியது. 1974 இல் ஜோலோ நகரமே தீக்கிரையானது. அத்தகைய மண்ணில் ஒரு தாய் தன் பெயரைத் தானே எழுதக் கற்பது எவ்வளவு பெரிய காரியம்!

எழுத்தறியாத பெண்ணின் சிரமத்தை அருகிருந்து கண்டவர் என்பதால்தானோ என்னவோ, செனட் சபையில் அவர் கைவைத்த விடயங்களும் சாதாரண மனிதரின் வாழ்வோடு ஒட்டியவையாகவே இருந்தன. அரச சேவையில் ஏழாண்டுகள் தற்காலிகமாக உழைத்தவர்களுக்கு நிரந்தர நியமனத்துக்கான தகுதியை வழங்கிய சட்டம் அவற்றுள் ஒன்று. 1992 இன் 7192 ஆம் இலக்கச் சட்டம் இன்னொன்று. ஒப்பந்தம் செய்யவும் கடன் பெறவும் ஆணுக்குள்ள உரிமை பெண்ணுக்கும் உண்டு என்று அது விதித்தது. வெளிநாட்டு உதவி நிதியில் ஆரம்பத்தில் 5 முதல் 30 சதவீதம் வரை பெண்களுக்கான திட்டங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்றது. நாட்டின் இராணுவ அக்கடமியின் கதவையும் பெண்களுக்குத் திறந்துவிட்டது. 1993 இல் அங்கு நுழைந்த முதல் மாணவியர் 1997 இல் பயிற்சி முடித்து வெளியேறினர். ராசுல் அப்போது செனட் சபையில் இல்லை. 1995 இலேயே அவரது பதவிக்காலம் முடிந்துவிட்டது. அவர் போன பிறகும் அவர் முன்னின்று இயற்றிய சட்டம் வேலை செய்தது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். "அவரது கணவர் தூதுவராக இருந்தவர், வசதியும் செல்வாக்கும் இருந்தன; எல்லோராலும் அப்படி ஆக முடியுமா?" என்பது ஒன்று. நியாயமான கேள்விதான். ஆனால் செல்வாக்குள்ள குடும்பங்களில் பிறந்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுள் முதியவருக்கு அகரம் கற்பிக்க அமர்ந்தவர் எத்தனை பேர்? வசதி ஒருவரை மேடைவரை கொண்டுசெல்லலாம். அங்கிருந்து யாருக்காகப் பேசுவது என்பதை அவரேதான் தீர்மானிக்க வேண்டும்.

"சட்டத்தால் எல்லாம் மாறிவிட்டதா?" என்பது மற்றது. மாறவில்லை. முஸ்லிம்கள் செறிந்து வாழும் தென்பகுதி இன்றும் அந்நாட்டில் எழுத்தறிவில் பின்தங்கியே இருக்கிறது. கதவு திறந்திருப்பது மட்டும் போதாது, அதுவரை நடந்து செல்லக் கல்வியும் வேண்டும் என்பதற்கு அதுவே சான்று. ராசுல் இதை அறிந்திருந்தார். பதவியை விட்ட பின்னரும் எழுத்தறிவுப் பணியை அவர் கைவிடவில்லை. 2024 நவம்பரில், தனது 94 ஆவது வயதில் அவர் வபாத்தானார்.

பெற்றோரே, "பெண்பிள்ளை இவ்வளவு படித்து என்ன செய்யப் போகிறாள்?" என்று நம் வீடுகளில் கேட்பதுண்டு. தொழிலும் சம்பளமும் மட்டுமே அதற்கு விடையென்றால், தொழிலுக்குப் போகாத பிள்ளையின் படிப்பு வீண் என்றாகிவிடும். ராசுலின் வாழ்க்கை வேறொரு விடையைத் தருகிறது. கற்றவள் மற்றவருக்குக் கற்பிப்பாள். ஒரு பத்திரத்தில் கையொப்பமிடுமுன் அதை வாசித்துப் பார்ப்பாள். அநீதியான விதியொன்றைக் கண்டால் அதை மாற்றக் கேட்பாள். அவளது படிப்பின் பயன் அவளோடு நின்றுவிடுவதில்லை.

மாணவியரே, நம்மில் எல்லோரும் பாராளுமன்றம் போகப் போவதில்லை. ஆனால் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை சில மாதங்கள் நம் கையில் இருக்கின்றன. வீட்டிலோ அயலிலோ கடிதமொன்றை வாசிக்க இன்னொருவரின் தயவை நாடும் மூத்தம்மா ஒருவர் இருக்கக்கூடும். அவருக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியோடு அமருங்கள்.