கடைசிக் கோப்பையும் சூடாக இருக்கட்டும்

நம் இல்லங்களிலே தேநீரைக் கடைசியாக அருந்துபவர் யார் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பெரும்பாலும் அதனைத் தயாரித்தவரே. எல்லார்க்கும் வார்த்துக் கொடுத்து, பிந்தி வந்தவர்க்கும் ஊற்றிக் கொடுத்து, அடுப்படி அலுவல்களை ஒருவாறு முடித்துக்கொண்டு அவர் தம் கோப்பையைக் கையிலெடுக்கும்போது அதிலே சூடும் இராது, சுவையும் இராது. ஆறிய தேநீர் இல்லத்தரசியின் தலைவிதி என்று நாமும் பேசாதிருந்து விடுகிறோம். சிறிது துணியாலும் பஞ்சாலும் மாற்றிவிடக்கூடிய விதி இது என்பதைத்தான் இவ்வாரம் சொல்ல விரும்புகிறோம்.

மட்டக்களப்பு வாவியை அண்டி வாழும் குடும்பங்களுக்கு இக்குறை சற்றுப் பெரிது. இரவிலே வாவியில் வலை வீசச் சென்ற தோணிகள் எல்லாம் விடியலில் ஒரே நேரத்திற் கரைசேர்வதில்லை. படுவான்கரை வயலுக்குப் போனவர் திரும்பும் வேளை ஒன்று. எழுவான்கரையிலே பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் செல்வோர் புறப்படும் வேளை வேறு. ஆதலால் ஒரே வீட்டிலே தேநீரை இரண்டு மூன்று முறை சூடாக்க நேர்கிறது. மீண்டும் கொதித்த தேநீர் மணமிழந்து கசக்கிறது. விறகும் எரிவாயுவும் வீணே செலவாகின்றன. 2022ஆம் ஆண்டிலே வெறுஞ் சிலிண்டருடன் வரிசையிற் காத்து நின்றவர்களுக்கு எரிபொருளின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இதற்கு எளிய பரிகாரம் தேநீர்ப் போர்வை. ஆங்கிலேயர் ‘ரீ கோசி’ என்று வழங்கும் இப்பஞ்சுறை 19ஆம் நூற்றாண்டிலே அவர்கள் வீடுகளிற் பரவியது. ருஷியர் இதனைப் பாவாடை விரித்த பொம்மையின் உருவிலே தைப்பர். சீனர் பஞ்சு வைத்துத் தைத்த கூடைக்குள்ளே தேநீர்ப் பாத்திரத்தை அமர்த்துவர். நம் நாட்டிலோ, 1867இல் ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துர தோட்டத்திலே பயிரிடத் தொடங்கிய தேயிலை, மலையகத் தமிழரின் உழைப்பாற் பெருகி வாவிக்கரைக் குடிசை வரை வந்து சேர்ந்தது. போர்வை மட்டும் பெரும்பாலும் துரைமார் பங்களாக்களோடு நின்றுவிட்டது.

வெயில் கொளுத்தும் ஊரிலே போர்வை எதற்கு என்று சிலர் நகைக்கக் கூடும். பாத்திரத்திலுள்ள தேநீர் 90 பாகை செல்சியஸ், சுற்றியுள்ள காற்று 30 பாகை என்று கொள்வோம். இடையிலே 60 பாகை வேறுபாடு இருக்கிறது. இவ்வேறுபாடு மிகும் அளவுக்குப் பொருள் விரைந்து ஆறும் என்பதை நியூற்றன் 1701ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். மாரிகாலத்து வாடைக்காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

வெப்பம் எவ்வழியாக வெளியேறுகிறது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் ஆகிய மூன்றும் பாடப்புத்தகத்திலே உள்ளவை. நான்காவது வழி ஆவியாதல். ஒரு கிராம் நீர் ஆவியாகிப் பறந்தால், அது கொண்டு செல்லும் மறைவெப்பம் 100 கிராம் தேநீரைச் சுமார் 5 பாகை குளிரச் செய்யப் போதுமானது. ஆகவே முதலில் மூடி. அதன் பின்னரே போர்வை. பஞ்சு தானாக எவ்வகைச் சூட்டையும் உண்டாக்குவதில்லை. அதன் இழைகளுக்கிடையே அசையாது அடைபட்ட காற்று அரிதிற் கடத்தியாதலால், உள்ளிருக்கும் வெப்பத்தை எளிதில் வெளியே விடுவதில்லை. 1892இல் ஜேம்ஸ் டூவர் அமைத்த வெற்றிடக் குடுவை, அதாவது நமது சுடுநீர்ப் போத்தல், அக்காற்றையும் அகற்றிவிட்ட ஏற்பாடேயாகும்.

செய்முறை கடினமன்று. பாத்திரத்தின் கைபிடியையும் மூக்கையும் சேர்த்து அளவெடுத்து, அதனிலும் சற்றுப் பெரிதாகப் பிறைவடிவிலே துணிகளை வெட்டுங்கள். மருதமுனைக் கைத்தறித் துணி மேலுறைக்கு அழகாக இருக்கும். உள்ளுறைக்குப் பழஞ் சேலை போதும். இடையிலே ஓரங்குலத் தடிப்புக்கு இலவம்பஞ்சை நிரப்பித் தைத்துவிடலாம். தையல் அறியாதவர்கள், மூடியுள்ள பனையோலைப் பெட்டி ஒன்றின் உட்புறமெங்கும் பஞ்சு மெத்தையிட்டுப் பாத்திரத்தை அதனுள் வைக்கலாம். போர்வை நனைந்தால் பயன் தராது. எரியும் அடுப்பின் அருகிலும் அதனை வைத்தலாகாது.

தேநீர் தயாரிப்பதிலும் சிறிது கவனம் தேவை. கொதிநீரால் அலசிச் சூடேற்றிய பாத்திரத்திலே தேயிலையிட்டு, மூன்று முதல் ஐந்து நிமிடங்களிலே சாயத்தை வடித்துவிடுங்கள். இலை உள்ளேயே கிடந்தால் கசப்பு ஏறும். போர்வை அக்கசப்பை மேலும் வளர்க்கும். பாலைப் பாத்திரத்திலே கலக்காமற் கோப்பையிலே சேர்ப்பதே நன்று. பால் கலந்த தேநீர் நெடுநேரம் இளஞ்சூட்டில் இருந்தால் கிருமிகள் பெருகும்.

மிகுந்த சூடும் நன்றன்று. 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டிலே பானங்களைப் பருகுவது உணவுக்குழாயிற் புற்றுநோயை விளைவிக்கக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016இல் அறிவித்தது. பாத்திரம் சூடாக இருக்கட்டும். கோப்பையிலே வார்த்தபின் சில நிமிடம் பொறுத்துப் பருகுங்கள்.

வீட்டிலே ஒருவர் எல்லார்க்கும் பிந்தி அருந்துகிறார் என்பதை மற்றவர்கள் நினைவிற் கொள்வதற்கு இப்போர்வை ஓர் அடையாளம். துணியும் பஞ்சும் தேட நேரமில்லாத பிள்ளைகளுக்கும் வீட்டுத் தலைவர்களுக்கும் இன்னுமோர் எளிய வழி உண்டு: முதற் கோப்பையை, தேநீர் தயாரித்தவருக்கே வார்த்துக் கொடுத்துவிடுங்கள்.