பாதரசத்துக்குத் தடை மட்டும் போதாது

மணலிலும் நொறுக்கிய பாறையிலும் கண்ணுக்குத் தெரியாமல் சிதறிக் கிடக்கும் தங்கத்துகள்களைப் பாதரசம் தன்னோடு சேர்த்துக்கொண்டு, வெள்ளி நிறக் குழைவாகத் திரளும். இதுவே இரசக்கலவை. இதைச் சூடாக்கினால் 357 டிகிரி செல்சியஸில் பாதரசம் கொதித்து ஆவியாகிவிடும். 1,064 டிகிரியில்தான் உருகும் தங்கம் தட்டில் தங்கிவிடும். ஒரு தட்டும் அடுப்பும் இருந்தால் அன்றைக்கே காசு. 70க்கும் மேற்பட்ட நாடுகளின் சிறு சுரங்கத் தொழிலாளர்கள் பாதரசத்தை விடாததற்கு இந்த எளிமையே காரணம். மனிதச் செயல்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இத்தொழிலிலிருந்தே வருகிறது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2018 மதிப்பீடு.

அந்த ஆவியை முதலில் சுவாசிப்பவர்கள் தொழிலாளியும் அவர் குடும்பமும்தான். ஆற்றில் சேரும் பாதரசத்தை நுண்ணுயிரிகள் மெத்தில் பாதரசமாக மாற்ற, அது மீன் வழியே உணவுத் தட்டுக்கு வந்து, கருவிலிருக்கும் குழந்தையின் மூளையையும் தாக்குகிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2017இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை, இரசக்கலவையைத் திறந்தவெளியில் எரிப்பதை ஒழிக்கச் சொல்கிறது. சரியான இலக்குதான். ஆனால் வேறு வழி காட்டாமல் தடை மட்டும் போட்டால், பாதரசம் கள்ளச்சந்தைக்குப் போகும். அடுப்பு காட்டுக்குள் மறையும்.

ஆவியைப் பிடித்துக் குளிரவைக்கும் மூடிய வாலைக்கலன் போதாதா என்று கேட்கலாம். அது நுரையீரலைக் காக்கும், அவசியமும்கூட. ஆனால் பாறைத்தூள் முழுவதோடும் பாதரசத்தைக் கலந்து அரைக்கும் இடங்களில், அதன் பெரும்பகுதி எரிப்பதற்கு முன்பே கழிவோடு போய்விடுகிறது. பிலிப்பைன்ஸின் பெங்கெட் பகுதியில் சிறு சுரங்கத்தார் பல பத்தாண்டுகளாகப் பாதரசமே இல்லாமல், தங்கத்தை நீரில் அலசிச் செறிவாக்கி, வெண்காரம் சேர்த்து உருக்கியே பிரிக்கிறார்கள். எல்லாத் தாதுக்கும் இது ஒத்துவராது, பழகவும் நாளாகும் என்பது நியாயமான மறுப்பு. அதனால்தான் பயிற்சி, கருவி, தொழில் உரிமம், நேர்மையான கொள்முதல் விலை ஆகிய நான்கும் சேர்ந்தே வரவேண்டும்.

இதற்கான செலவை ஏழைத் தொழிலாளியின் தலையில் கட்டுவது அநீதி. உலகில் மிக அதிகமாகத் தங்கம் வாங்கும் நாடுகளில் ஒன்று இந்தியா. நம் நகையின் ஹால்மார்க் முத்திரை தூய்மையைச் சொல்கிறது, தங்கம் தோண்டப்பட்ட இடத்தைச் சொல்வதில்லை. பாதரசமின்றி எடுத்த தங்கத்தை அடையாளம் காட்டும் சான்றிதழை அரசும் நகை வணிகர்களும் கொண்டுவர வேண்டும். அதற்குக் கூடுதலாகும் சிறு விலையை வாங்குபவர்களாகிய நாம் ஏற்க வேண்டும்.