ஒரு சைஸ் பெரிதாக வேண்டாம்

வளரும் பிள்ளை என்று சட்டையை ஒரு சைஸ் பெரிதாக வாங்குவார்கள். ஷூவின் முனையில் பஞ்சைத் திணித்து இன்னொரு வருஷம் ஓட்டுவார்கள். இந்தச் சிக்கனம் டர்ட் பைக் பழகும் பிள்ளையின் காகிள்ஸுக்கு மட்டும் ஒத்துவராது. மூக்கின் ஓரத்தில் சின்ன இடைவெளி இருந்தாலும் புழுதி உள்ளே புகுந்துவிடும். வேகத்தில் போகும் பத்து வயதுப் பையன் கண்ணைக் கசக்க ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுப்பான். கீழே விழ அந்த ஒரு நொடி போதும்.

மண்தடப் பந்தயம் இந்தியாவுக்குப் புதிதல்ல. 2015இல் டாக்கர் ராலியை முழுமையாக ஓடி முடித்த முதல் இந்தியர், பெங்களூருவின் சி.எஸ். சந்தோஷ், மோட்டோகிராஸில் ஆரம்பித்தவர்தான். கோலார் அருகே இன்று அவரது பயிற்சித் தடம் இருக்கிறது. 2024 ஜனவரியில் இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீக்கின் முதல் பந்தயம் புனேயில் நடந்தது. இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் 50 சிசி, 65 சிசி வண்டிகளைக் கேட்கிறார்கள். (வண்டி மூடிய தடத்துக்கு மட்டும்தான். சிறுவன் சாலையில் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருகிறது.) ஹெல்மெட், பூட்ஸ், முழங்கால் கவசம் எல்லாம் வாங்கி முடித்த பிறகுதான் பலருக்கும் கண்ணின் நினைவே வருகிறது.

கூலிங் கிளாஸ் போதாதா என்பது கடையில் அடிக்கடி கேட்கும் கேள்வி. போதாது. முன்னால் போகும் வண்டியின் முரட்டு டயர் மண்ணை மட்டும் வாரி இறைப்பதில்லை, கல்லையும் சேர்த்தே இறைக்கிறது. பக்கவாட்டில் திறந்திருக்கும் கூலிங் கிளாஸ் புழுதியைத் தடுக்காது. தரமில்லாத லென்ஸாக இருந்தால் உடைந்து கண்ணையே குத்தும். காகிள்ஸின் லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்க வேண்டும். அடி பட்டால் அது வளையும், சில்லு சில்லாகச் சிதறாது. ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுவது போல இதில் 'இ.என். 1938' என்ற ஐரோப்பியத் தர எண்ணைத் தேடலாம். மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் காகிள்ஸுக்கென்றே வகுக்கப்பட்ட தரம் அது.

கடைக்குப் போகும்போது பிள்ளையும் கூட வர வேண்டும், அவன் ஹெல்மெட்டும் வர வேண்டும். சிறுவர் அளவு என்று தனியாகவே வருகிறது, அதையே கேளுங்கள். முதலில் பட்டையை மாட்டாமல், காகிள்ஸை முகத்தில் லேசாக அழுத்திப் பாருங்கள். ஓரத்து ஃபோம் நெற்றியிலும் கன்னத்திலும் மூக்கின் இருபுறமும் ஒரே சீராகப் பதிய வேண்டும். பிறகு ஹெல்மெட்டோடு. ஹெல்மெட்டின் திறப்புக்குள் சட்டகம் முழுதாக உட்கார வேண்டும். விளிம்பு இடித்து சட்டகத்தை மூக்கின் மேல் அழுத்தினால் அது அந்த ஹெல்மெட்டுக்கு ஏற்றதல்ல. பத்து நிமிஷம் அப்படியே இருக்கட்டும். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். கடையில் மௌனமாகத் தலையாட்டும் பிள்ளை, தடத்தில் இரண்டாவது சுற்றிலேயே அதைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிடுவான். பார்வைக் கண்ணாடி போடும் பிள்ளைகளுக்கு, அதன் காம்புகள் நுழைய ஃபோமில் வெட்டு விட்ட மாடல்கள் உண்டு.

வண்ணக் கண்ணாடியில் பிள்ளைகளுக்கு ஆசை அதிகம். முதல் லென்ஸ் நிறமில்லாததாகவே இருப்பது நல்லது. புற ஊதாக் கதிரைத் தடுப்பது நிறமல்ல, பாலிகார்பனேட்டே அதைப் பெருமளவு தடுத்துவிடும். கறுப்பு லென்ஸோடு வெயிலிலிருந்து மரநிழலுக்குள் நுழைகிறவனுக்குப் பள்ளம் தெரியாது. ஆவி படிவது இன்னொரு தொல்லை. மூச்சின் ஈரம் குளிர்ந்த லென்ஸில் பட்டுப் படிகிறது. பனிச்சறுக்குக்காரர்களின் இதே தொல்லைக்கு, 1960களில் பாப் ஸ்மித் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இடையில் காற்று அடைத்த இரட்டை லென்ஸைச் செய்தார். பல் மருத்துவருக்குக் கண்ணில் என்ன வேலை என்று கேட்கலாம். அவருக்குப் பனிச்சறுக்கில் பைத்தியம். மழைக்காலத்திலும் மலைப்பகுதியிலும் ஓட்டுவோருக்கு அந்த இரட்டை லென்ஸ் கைகொடுக்கும்.

சேறு தெறித்தால் ஒவ்வொன்றாக உரித்தெறியும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை லென்ஸின் மேல் ஒட்டுவது பந்தயக்காரர்களின் பழக்கம். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அது வேண்டாம். உரிக்க ஒரு கையை விட வேண்டும். தடமெங்கும் பிளாஸ்டிக் குப்பை வேறு.

நல்ல காகிள்ஸைக் கெடுப்பது பெரும்பாலும் கல் அல்ல, பனியன் துணி. காய்ந்த புழுதியை அப்படியே துடைத்தால் மண் துகள் உப்புக்காகிதம் போல லென்ஸைத் தேய்த்துவிடும். முதலில் தண்ணீரை ஓடவிட்டு மண்ணைக் கழுவ வேண்டும். பிறகு ஒரு சொட்டு மென்மையான சோப்பு. கடைசியில் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். உட்புறத்தில் ஆவி படியாதிருக்கப் பூசிய பூச்சு இருக்கும், அதை விரலால் தொடவே கூடாது. வொர்க்‌ஷாப்பில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பெட்ரோலும் தின்னரும், வீட்டில் ஜன்னல் துடைக்கும் அம்மோனியா திரவமும் பாலிகார்பனேட்டுக்கு எதிரிகள். நுண்ணிய விரிசல் விட்டு, அடி தாங்கும் சக்தியே போய்விடும். நிழலில் உலர்த்தித் துணிப் பையில் போடுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் வைத்தால் ஃபோமின் பசை இளகிவிடும். லென்ஸில் பார்வைக்கு நேராகக் கீறல் விழுந்தால் லென்ஸை மட்டும் மாற்றலாம். அதனால், மாற்று லென்ஸ் கிடைக்கும் மாடலா என்று வாங்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தூசி விழலாம். கசக்க விடாமல் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். உறுத்தலோ சிவப்போ போகாவிட்டால் கண் மருத்துவரிடம் போங்கள். எதுவாவது கண்ணில் குத்தி நின்றால் பிடுங்கவும் கூடாது, கழுவவும் கூடாது. கண்ணை அழுத்தாமல் ஒரு காகிதக் கோப்பையால் மூடி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பயிற்சி முகாம்களில் ஒரே காகிள்ஸை நாலு பேர் மாற்றி மாற்றிப் போடுவது சகஜம். வியர்வையில் ஊறிய ஃபோம் வழியே 'மெட்ராஸ் ஐ'யும் கைமாறலாம். அண்ணனுடையது தம்பிக்கு வரும்போது ஃபோமை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கியது மேலே எழும்பாவிட்டால் தம்பிக்கும் புதிதுதான்.