வாக்கியத்தின் வாலைக் கேளுங்கள்

ஒல்லாந்து மொழி பயிலத் தொடங்குவோர் முதலில் இடறும் கல் பிரியும் வினைச்சொற்களேயாம். அகராதியில் ஒரே சொல்லாய் நிற்பவை, வாக்கியத்தினுள் புகுந்ததும் இரண்டாகப் பிரிந்து, முன்னொட்டு மட்டும் கடைசியிலே போய் நிற்கும்.

'ஸெக்கென்' என்றால் சொல்லுதல். முன்னே 'ஒப்' சேர்ந்து 'ஒப்ஸெக்கென்' ஆனால், உடன்பாடொன்றை முடித்துவிடுதல். வீட்டுக்காரரைக் குறித்து ஒருவர் 'ஹெய் ஸெக்ட் டெ ஹூர் ஒப்' என்பாராயின், 'அவர் வாடகை உடன்பாட்டை முடிக்கிறார்' என்பது பொருள். 'ஸெக்ட்' என்றதும், 'ஏதோ சொல்கிறார்' என்று தலையசைத்து, வாலில் நின்ற 'ஒப்' என்பதைத் தவறவிட்டவர், தாம் வீடு மாறவேண்டிய செய்தியையே தவறவிட்டவராவர்.

விருப்பம், கடமை முதலியன உணர்த்தும் துணைவினை வந்தால், பிரிந்தவை மீண்டும் கூடும். 'இக் வில் டெ ஹூர் ஒப்ஸெக்கென்' என்பது 'வாடகை உடன்பாட்டை முடிக்க விரும்புகிறேன்' என்பதாம். நம் 'முடிக்க' என்னும் எச்சம் போன்றதே இது. ஆனால் 'முயல்கிறேன்' போன்ற வினையை அடுத்து வருங்கால், 'தெ' என்னும் சிறுசொல் இடையே புகுந்து 'ஒப் தெ ஸெக்கென்' ஆகும். 'முடிப்பதற்காக' என நோக்கம் கூறுவதாயின், 'ஒம்' என்பது முன்னே நிற்க, 'ஒப் தெ ஸெக்கென்' கடைசியில் வரும். முடிந்த செயலுக்கோ 'கெ' நடுவிற் புகுந்து 'ஒப்கெஸெக்ட்' என ஒரே சொல்லாகும்.

எல்லா முன்னொட்டும் பிரிவதில்லை. அழுத்தமே இதற்கு உரைகல். 'வோர்கோமென்' என்பதில் 'வோர்' அழுத்தம் பெற்றால் 'நிகழ்தல்', அது பிரியும். 'கோ' அழுத்தம் பெற்றால் 'நிகழாமல் தடுத்தல்'; அது பிரியாது. எழுத்து ஒன்றே, பொருளோ எதிர்மாறு!

நெதர்லாந்தில் 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அங்கு குடியேறுவோர் பலர் மூன்றாண்டுக்குள் மொழித்தேர்வில் தேறவேண்டும். நம்மவரும் அங்கு வாழ்கின்றனர். அவர்கள் அஞ்சவேண்டுவதில்லை. 'வருகிறேன்', 'வரமாட்டேன்' என்பதை அறிய வாக்கியம் முடியுமளவும் காத்திருந்து பழகிய செவி நம்முடையது. அப்பொறுமையையே அங்கும் கைக்கொள்க. புதுவினை ஒவ்வொன்றையும் தனியே மனனஞ் செய்யாது, பிரிந்து நிற்கும் வாக்கியம் ஒன்றும், கூடி நிற்கும் வாக்கியம் ஒன்றுமாக எழுதிப் பழகுக. கடைசிச் சொல் காதில் விழுமுன் 'ஆம்' என்னாதிருப்பதே முதற் பாடம்.